சைவப் புழுக்கள்

ஆறுமுகநயினாருக்குக் குதிகாலில் ஆறாத புண். சர்க்கரை செய்த வேலை. இன்னும் ஆறு நாளில் கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

மனுஷர் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். அறுபது வயசுக்குமேல் ஹாஜராவின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஹாஜரா ஒருகாலத்தில் அவரிடம் பாடம் படித்தவள், இப்போது அவருக்கே குரு. இவர் அவளை ‘மேடம்’ என்பார், அவள் இவரை ‘சார்’ என்பாள். தென்காசிச் சாரலில் அந்த இடமே பாதித் தூக்கத்தில்தான் இருக்கும்.

புண்ணை ஆற்றும் ஈப்புழுக்களை அங்கே வளர்த்தார்கள். ஆற்றும் புரதத்தை எந்த மரபணு உண்டாக்குகிறது என்று தெரிந்துவிட்டால், புழுவைத் தொடாமலே சொட்டு மருந்தாக விட்டுக்கொள்ளலாம் என்பது நயினாரின் ஆசை. புழு என்றாலே அவருக்குக் குமட்டும்.

புழுவுக்குள் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று மூன்று மாதம் வாசித்துப் பார்த்தார். ம்ஹூம், ஒன்றும் அகப்படவில்லை.

“மேடம், என் கால் போகப்போகுது. அந்த மரபணு எங்கேதான் இருக்கு?”

“புழுவுக்கு என்ன சாப்பாடு போட்டீங்க?”

“பால்பொடியும் சோயாவும் கலந்த கூழ்.”

“இறைச்சி?”

“சிவசிவா! நம்ம கையால அதையெல்லாம் எப்படி?”

ஹாஜரா வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “காலை நீட்டுங்க சார்” என்றாள்.

“எதுக்கு?”

“டாக்டர்கிட்ட பேசிட்டேன். வெட்டுறதுக்கு முன்னால புழுவை வச்சுப் பார்க்கச் சொல்லிட்டார்.”

நயினார் காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார். “என்னைத் தின்னுடுமே!”

“செத்த சதையைத்தான் தின்னும். உயிருள்ளதைத் தொடாது.”

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை நீட்டினார்.

புழுக்களை வைத்து வலைத்துணியால் கட்டினாள். மூன்று நாள் அவர் கட்டிலில் கிடந்தார். வெளியே தூறிக்கொண்டே இருந்தது. குதிகாலில் முதலில் குறுகுறுப்பு, பிறகு ஒரு கிறக்கம். எங்கோ தூரத்து ஊரில் யாரோ மெதுவாக வாசல் பெருக்குகிறார்கள், அந்த ஊர் தன் காலுக்குள்ளேதான் இருக்கிறது என்று தோன்றியது. பயம் எப்போது போனதென்றே அவருக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். அழுகல் இல்லை. அடியில் செக்கச்செவேலென்று புதுச்சதை. டாக்டர் வந்து பார்த்தார். “கத்திக்கு வேலை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். நயினார் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

ஹாஜரா அந்தப் புழுக்களில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று வாசித்து, காகிதத்தில் பதித்துக் கொண்டுவந்தாள். மூன்று மாதமாக வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு கோடு கருகருவென்று நின்றது.

அவர் காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

“அதே முட்டை, அதே புழு. நான் என்ன குறை வச்சேன்? இத்தனை நாள் இது ஏன் எனக்கு முகம் காட்டலை?”

“நீங்க சோறு மட்டும்தானே போட்டீங்க, சார். வேலைக்குக் கூப்பிடவே இல்லையே.”