குரங்குக்குக் காது குத்துன வெள்ளத்தாய்

ஒரே ஒரு மலையாம், அந்த மலைக்குக் கீழ ஒரே ஒரு ஊராம், அந்த ஊருல வெள்ளத்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் மாடக்கண்ணு, சோளக்காட்டுக்குக் காவல் இருக்கிறவன். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசமாச்சு, புள்ள இல்ல. தண்ணி எடுக்கப் போனா "விசேசம் உண்டா"ம்பாங்க, கோயிலுக்குப் போனா "விசேசம் உண்டா"ம்பாங்க, எழவு வீட்டுக்குப் போனாலும் மூக்கைச் சிந்திட்டு "விசேசம் உண்டா"ம்பாங்க. ஊரு வாயி அப்படி. கேட்டுக் கேட்டு அவ மனசு வெந்து போச்சு. அவ பொறக்கும்போதே கெட்டவ இல்ல, அதையும் மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

ஒரு நாளு காலையில புருசனுக்குக் கஞ்சி கொண்டுட்டுப் போனா. அப்பத்தான் மாடக்கண்ணு கவண்ல ஒரு கல்லை விட்டிருக்கான், அது கதிரு பறிச்சிட்டிருந்த ஒரு மந்தி மேல பட்டு, மந்தி மயங்கி வரப்புல கெடக்கு. வயித்தைக் கட்டிப் புடிச்சிட்டு ஒரு குட்டி. சிவந்த மூஞ்சி, ரெண்டு கையில அடங்குற அளவு. ஆத்தா மசுரை இறுக்கிப் புடிச்சிட்டுக் கத்துது. வெள்ளத்தாய் குனிஞ்சு பாத்தா. மந்திக்கு மூச்சு இருந்துச்சு. இருந்துச்சுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அந்தக் குட்டியோட விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்து, மாராப்புக்குள்ள வச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்து, தாயில்லாத புள்ள, அநாதையாக் கெடந்துச்சுன்னு சொல்லிட்டா.

மறுநாளு அந்த மந்தி வந்து வாசல் முருங்கை மரத்துல உக்காந்துச்சாம். அந்தக் காலத்துல குரங்கு பேசும், குறுக்க கேள்வி கேக்காதீங்க. "என் புள்ளையைக் குடுத்துரு தாயி"ன்னுச்சு. இங்க ஏது உன் புள்ளன்னு இவ கதவைச் சாத்திட்டா. ரெண்டாம் நாளும் வந்துச்சு, "பாலு கட்டி மாரு வலிக்குது, என் புள்ளையைக் குடுத்துரு தாயி"ன்னுச்சு. இது நான் பெத்த புள்ளன்னு இவ கூசாம சொல்லிட்டா. மூணாம் நாளும் வந்துச்சு, எறங்கி வந்து கையை மட்டும் நீட்டுச்சு. வெள்ளத்தாய் அடுப்புல கொதிச்ச உலைத்தண்ணியை அள்ளி அது தோளுல ஊத்திட்டா. அதுக்கப்புறம் அது வரல.

குட்டிக்குத் துரைராசுன்னு பேரு வச்சா. தொட்டில் கட்டுனா, திட்டி சுத்திப் போட்டா, பட்டுச் சொக்கா தச்சுப் போட்டா. ஒரு வருசம் ஆனதும் காதுகுத்துன்னு ஊரையே கூப்பிட்டுட்டா. தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும்ல, அவ அண்ணன் மீசையை முறுக்கிட்டு வந்து உக்காந்தான். ஊசி பட்டதும் துரைராசு அவன் புது வேட்டியில ஒண்ணுக்குப் போயி, மீசையில பாதியைப் பிச்சுட்டு, சீர்வரிசைத் தட்டுல இருந்த வாழைப்பழத்தை எடுத்துட்டுப் பந்தக்கால்ல ஏறிடுச்சாம். சிரிங்க, சிரிங்க, எல்லாரும் சிரிக்கிற எடந்தான். அன்னைக்கு ஊரே பாயசம் குடிச்சுட்டு அவளைத் துரைராசு அம்மான்னு கூப்பிட்டுச்சு. பன்னெண்டு வருசமா அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவ ஏங்கிக் கெடந்தா.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னவங்க இதோட நிறுத்திருவாங்க. நானும் இத்தனை வருசம் இதோட நிறுத்திட்டுத்தான் எல்லாரையும் சிரிக்க வச்சேன். மிச்சம் எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமா இருக்கும், அதான் சொல்லல. இன்னைக்குச் சொல்லிடுறேன்.

குட்டி வளந்துச்சு. மூணு வருசத்துல ஒரு கெடாக் குரங்கா ஆயிடுச்சு. மொதல்ல கூரையைப் பிச்சுச்சு, அப்புறம் பானையை ஒடச்சுச்சு, அப்புறம் பக்கத்து வீட்டுப் புள்ள பொரி தின்னுட்டிருந்தப்ப அந்தப் புள்ள கையைக் கடிச்சு எலும்பு தெரிய வச்சுருச்சு. அது என்ன செய்யும், மரத்துல இருந்திருந்தா தாவியிருக்கும், மத்த குட்டிகளோட கட்டிப் புரண்டு எவ்வளவு கடிக்கலாம்னு படிச்சிருக்கும். வீட்டுக்குள்ள அதுக்கு யாரு சொல்லிக் குடுப்பா? வெள்ளத்தாய் அதை இடுப்புல சங்கிலி போட்டு ஆட்டுரல்ல கட்டிட்டா. அது உரலைச் சுத்திச் சுத்தி வந்து இடுப்பெல்லாம் புண்ணாச்சு. ஒரு நாளு தன் கையைத் தானே கடிச்சுக்க ஆரம்பிச்சுருச்சு.

மாடக்கண்ணு, இதைக் கொண்டு போயி மலையில விட்டுரலாம்னு கெஞ்சுனான். இவளுக்கு விட மனசில்ல. அது போயிட்டா அவளை யாரு அம்மாம்பாங்க? பல்லைப் புடுங்கிட்டா யாரையும் கடிக்காதுல்லன்னு அவளேதான் ரோசனை சொன்னா. கொல்லன் குறடு எடுத்துட்டு வந்தான். துரைராசு அவன்கிட்ட வாயைத் தொறக்கல, மாடக்கண்ணுகிட்டயும் தொறக்கல. அப்புறம் வெள்ளத்தாய் அதை மடியில போட்டு, கருப்பட்டித் துண்டைக் காட்டி, "ஆ காட்டு ராசா"ன்னா. அது ஆன்னு காட்டுச்சு.

கொல்லன் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இழுத்தானாம். எல்லாம் முடிஞ்சதும் துரைராசு அவளைப் புறாண்டல, ஓடல. ரத்தம் ஒழுகுற வாயோட அவ மடியிலயே மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அழுதுச்சு. வலிக்குதுன்னு சொல்ல அதுக்கு வேற ஆளு இல்ல. அப்பத்தான் வெள்ளத்தாய்க்குத் தான் என்ன செஞ்சிருக்கோம்னு ஒறச்சுது. நிமிந்து யாரையும் பாக்க முடியல, உரலைப் பாக்க முடியல, புருசனைப் பாக்க முடியல, மடியில கெடந்ததைப் பாக்கவே முடியல.

புண்ணு ஆறுனதும் சங்கிலியைக் கழட்டிட்டு, அதை இடுப்புல தூக்கிட்டு மலைக்குப் போனா. குரங்குக் கூட்டம் சுத்தி நின்னு சீறுச்சு. நடுவுல அந்த மந்தி எறங்கி வந்துச்சு, தோளுல ஒரு பக்கம் மசுரே மொளைக்கல. அன்னைக்கு நீட்டுன மாதிரியே கையை நீட்டுச்சு. துரைராசு அதைப் பாத்து வீல்னு கத்திட்டு, வெள்ளத்தாய் சேலைக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிச்சு. பெத்த ஆத்தாளை அதுக்கு யாருன்னே தெரியல.

மந்தி நீட்டுன கையை மடக்கிக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சாம், "நீ ஊத்துன தண்ணி கூட எனக்கு இப்படிச் சுடல. இதுக்கு எங்க பேச்சு தெரியாது, பழம் கடிக்கப் பல்லு இல்ல, இங்க விட்டா ரெண்டு நாளு தாங்காது. நீயே வச்சுக்க. ஆனா என் கண்ணு முன்னால வச்சுக்க."

அதான் அவளுக்குக் கெடச்ச கூலி. மலை அடிவாரத்துலயே குடிசை போட்டா. காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளையும் அதுக்குச் சோத்தையும் பழத்தையும் மென்னு மென்னு ஊட்டணும். எதுத்த பாறையில மந்தி உக்காந்து பாத்துட்டே இருக்கும். இப்படியே பத்து வருசம். அந்த வழியா வாறவங்க எல்லாம் நீ புண்ணியவதி, பெத்தவ கூட இப்படிப் பாக்க மாட்டாம்பாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்குவா. எதுத்தாப்புல பெத்தவ உக்காந்திருக்காளே.

ஒரு நாளு பக்கத்து ஊருல இருந்து, புள்ளையில்லாத ஒருத்தி வந்தாளாம். எனக்கும் இப்படி ஒரு தாயில்லாத குட்டி கெடைக்குமா அக்கான்னு ஆசையாக் கேட்டா. வெள்ளத்தாய் அவ கையைப் புடிச்சு பாறைப் பக்கம் திருப்பினா.

"அதோ இருக்கா பாரு, இதைப் பெத்தவ. மூச்சு இருக்கும்போதே அவ வயித்துலருந்து இதோட விரலைப் பிரிச்சு இதை எடுத்தேன். மூணு நாளு வந்து கேட்டா, கொதிதண்ணி ஊத்துனேன். என்னை நம்பி இது வாயைத் தொறந்துச்சு, பல்லைப் புடுங்க விட்டேன். நான் இதை வளக்கல தாயி. நான் கெடுத்ததை இப்ப மென்னு ஊட்டிக்கிட்டு இருக்கேன். நீ வீட்டுக்குப் போ."

அவ போயிட்டா. அதுக்கப்புறம் யாரு வந்து கேட்டாலும் வெள்ளத்தாய் ஒரு சொல்லு விடாம இதையேதான் சொன்னாளாம், சாகுற வரைக்கும், அந்த மந்தி காதுல விழுற மாதிரி.

குட்டி அழகா இருக்கேன்னு யாராவது தூக்கிட்டு வந்து காட்டினா, அதோட ஆத்தா எங்கன்னு மொதல்ல கேளுங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன். கதை மலையேறிப் போச்சு, கேட்டவங்க கண்ணை மூடுங்க.