கஸ்பார் அடிச்ச எஞ்சின் மவுண்டு

கோயில் திருவிழா வள்ளப் பந்தயம் சாயங்காலம் நாலு மணிக்கு. அப்பவே மணி ஒண்ணு. புது எஞ்சின் வாங்கியாச்சி, அதை என் வள்ளத்துப் பின்னால தூக்கி மாட்டுற மவுண்டு மட்டும் இன்னும் கஸ்பார் வெல்டிங் பட்டறையில கெடக்கு. இந்த வருசமும் தோத்தா மீசைய எடுக்கேன்னு என் மச்சினன் ரெமிஜியூஸ்கிட்ட ஊரறியச் சொல்லித் தொலைச்சிட்டேன். இருபது வருசம் வளத்த மீசை.

"மவுண்டு முடிஞ்சுதா கஸ்பாரு?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முடிஞ்சுதாவா? மாப்ள, போன வருசம் மணப்பாட்டுக்காரன் ஒருத்தனுக்கு மவுண்டு அடிச்சேன். எஞ்சினை இழுத்தான் பாரு, ஆளு இலங்கைக் கரையில எறங்கி டீ குடிச்சு முடிச்ச பெறவுதான் எஞ்சின் சத்தம் அங்க போயிச் சேருது!"

என்கூட வந்த இன்னாசி, "டீக்குச் சீனி போட்டாங்களா?"ன்னான்.

"கேலி பண்ணாதல. இன்னொருத்தன் வள்ளம் பாறையில மோதி சுக்குநூறு. என் மவுண்டுக்கு என்ன ஆவும்? அதும் எஞ்சினுமா தனியா நாலு நாள் கடல்லயே தங்கித் தொழில் பாத்து, சீலா மீனோட கரைக்கு வந்துச்சு."

"வலைய யாரு இழுத்தா?"

"எஞ்சின்தான்! பின்ன நீயா போயி இழுத்த?"

இன்னாசி கையெடுத்துக் கும்பிட்டான். கஸ்பாருக்கு அது போதும்.

"இதெல்லாம் சும்மா. மூணாவது ஒண்ணு அடிச்சேன். அது போன வேகத்துல கடல் ரெண்டாப் பொளந்து நின்னுட்டு. பொளந்த எடத்துல எங்க அத்தை கருவாடு காயப்போட்டு, நல்லா காஞ்சதும் அள்ளிட்டு வந்தா. அவ கரையேறுற வரைக்கும் தண்ணி மூடல, மரியாதை!"

"ஒங்க அத்தைய விடு, அளவு சரியா எடுத்தியா?"ன்னேன்.

"நீதான போன்ல ரெண்டு சாண் உசரம்னு சொன்ன? டேப்பு புடிக்கவன்லாம் ஒரு வெல்டரா? சாண் போட்டு அடிச்சிட்டேன்."

தூக்கிட்டு ஓடினோம். கரையிலயே போல்ட்டு முறுக்கி, எஞ்சினை மாட்டி, ஆளு வச்சுத் தள்ளி வரிசையில நிறுத்துறதுக்கும் கொடி விழுறதுக்கும் சரியா இருந்துச்சு. பெருமையா கஸ்பாரும் வள்ளத்துல ஏறிக்கிட்டான்.

ரெமிஜியூஸ் பறந்துட்டான். என் எஞ்சின் போட்ட கூச்சலுக்கு ஊரே காதைப் பொத்துச்சு. வள்ளம் மட்டும் ஒரு அடி நவரல. திரும்பிப் பாத்தா, எஞ்சின் விசிறி தண்ணிக்கு மேல நின்னு அந்தரத்துல சுத்துது. எங்க மூணு பேருக்கும் நல்ல காத்து. நான் சொன்னது என் சாண். கஸ்பாருக்குக் கை முறம் மாதிரி. அவன் ரெண்டு சாண் எனக்கு மூணு சாண்.

"பாவி, என் மீசை போச்சேல!"ன்னு கத்தினேன். அழுகையே வந்துட்டு.

அவன் அசரணுமே? "மவுண்டுல ஒரு குத்தமும் இல்ல மாப்ள. ஒன் மீசையிலதான் காத்து புடிச்சு வள்ளத்தைப் பின்னால இழுக்கு. அதை வழிச்சிட்டு வா, அடுத்த வருசம் பாரு, பந்தயம் தொடங்க முன்னாடியே நீ ஜெயிச்சிருப்ப."

இன்னாசி கஸ்பாருகிட்ட சொன்னான்: "எறங்கித் தள்ளுல."