டிராக்கில் விழுந்த கொட்டாவி

டிவி போட்டியில் கோப்பை வாங்கிய தேனுகாவுக்கு சினிமா கொடுத்ததெல்லாம் டிராக் பாடும் வேலைதான். அவள் மாதிரிக்குப் பாடி வைப்பாள். பிரபலப் பாடகி இந்திரஜா அம்மையார் அதைக் கேட்டு அப்படியே பாடிவிட்டு, "டிராக்கா? நான் காதுலகூட வாங்க மாட்டேன்" என்பார்.

அன்றைக்கு நிலாப் பாட்டு. மெட்டு வெண்மேகமாய் மிதந்து போனது. மூன்றாம் வரி முடிவில் அம்மையார் நீளமாக ஒரு மூச்சை இழுத்துவிட, ஸ்டூடியோவே கனவுக்குள் நழுவியது.

"நான் எழுதவே இல்லையே, இது எங்கிருந்தும்மா வந்தது?" என்றார் இசையமைப்பாளர், கண் திறக்காமலே.

"ஆத்மாவிலிருந்து சார். இந்தப் போட்டியில ஜெயிச்சு வர்றதுகளுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது."

காலையில் இசையமைப்பாளரின் உதவியாளரிடம் பாடிக் கொடுத்திருந்த டிராக்கை ஓடவிட்டாள் தேனுகா. நிலா மிதந்தது, மேகம் மிதந்தது, மூன்றாம் வரி முடிவில் அதே மூச்சும் மிதந்து வந்தது.

"கொட்டாவி சார்," என்றாள் பணிவாக. "மேடம்தான் டிராக் கேட்கிறதே இல்லையேன்னு தைரியமா விட்டுட்டேன்."

இசையமைப்பாளர் கண்ணைத் திறந்தார்.

"கொட்டாவி படத்துல இருக்கட்டும். ஆனா ஒரிஜினலே போதும்."