பண்ணையாரைத் தின்ற மாடு

அறுப்பு நாளில் பண்ணையார் சிதம்பரநாதர் ஒரு வைக்கோல் பொம்மை செய்து, தன் சட்டையையும் தலைப்பாகையையும் அதற்கு மாட்டி வரப்பில் நட்டார்.

“நான் இல்லாதப்போ இதுதான் நான். இதுக்கு முன்னால யார் தலையிலயும் துண்டு இருக்கக் கூடாது. இதைக் கேக்காம எதையும் தொடக் கூடாது!”

உச்சி வெயிலில் கூலியாட்கள் வெறுந்தலையோடு அறுத்தார்கள். அவரோ வைக்கோலையெல்லாம் டவுனுக்கு விற்றுவிடுகிறவர். வயிறு ஒட்டிப்போன அவருடைய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பொம்மையை மேய்ந்தது. யாரும் அசையவில்லை. பண்ணையார் வந்தபோது குச்சிதான் மிச்சம். தலைப்பாகை மாட்டின் காலடியில் மிதிபட்டது.

“மாட்டை ஏன் விரட்டலை?” என்று எகிறினார்.

செங்கமலம் அரிவாளோடு நிமிர்ந்தாள். “உங்களைக் கேக்காம உங்க மாட்டை எப்படிங்க தொடுறது? விரட்டட்டுமான்னு கேட்டேன். நீங்க வாயே திறக்கலீங்க.”

“வெறும் வைக்கோலுடி அது! எப்படிப் பேசும்?”

“வெறும் வைக்கோலுன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். ஐயா வாயால வரட்டும்னுதான் காத்திருந்தோம்.”

இடுப்புத் துண்டை உருவி, உதறி, அவர் முகத்துக்கு நேரே தலையில் கட்டினாள். மற்றவர்களும் கட்டினார்கள். அந்த வயலில் வெறுந்தலையோடு நின்றவர் பண்ணையார் ஒருவர்தான்.