எட்டு ட்யூப்

"ஆறு மாசமா ஆய்வேடு உங்க மேசையிலேயே கிடக்கு. ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு அப்படி என்ன தயக்கம், மேடம்?"

அருமைநாதன் பொறுமை போய்க் கேட்டேவிட்டார். வயது நாற்பத்தொன்பது. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டே, முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் நெல் நாற்றோடு மல்லுக்கட்டியவர். அவருடைய வழிகாட்டி மெஹருன்னிசாவுக்கோ இன்னும் நாற்பது ஆகவில்லை.

"நீங்க ஆராயற அந்த நெல் மரபணு என்ன செய்யுது, சார்?"

"ஹார்மோன் தெளிச்சா முழிச்சுக்குது. தெளிக்கலேன்னா தூங்குது. நூறு தடவை பாத்தாச்சு."

மெஹருன்னிசா எட்டு ட்யூப்களை எடுத்து நீட்டினார். உள்ளே அரைத்த நாற்று. மேலே எண் மட்டும்.

"இதுல எதெது ஹார்மோன் தெளிச்சதுன்னு சொல்லுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

இதென்ன பிரமாதம் என்று, மரபணு முழித்திருக்கிறதா என்று காட்டும் மெஷினில் எட்டையும் ஏற்றினார் அருமைநாதன். மாலையில் முடிவு வந்ததும் கால் தரையில் பாவாமல் ஓடிவந்தார்.

"ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு! நாலுலயும் மரபணு கொட்டக் கொட்ட முழிச்சிருக்கு!"

"எட்டுல ஒண்ணுக்குக்கூட நான் தெளிக்கல, சார்."

அருமைநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்ப... அந்த நாலுக்கும் என்ன செஞ்சீங்க?"

மெஹருன்னிசா மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்தார். ஜன்னலோரத் தட்டில் ஒரு நாற்றின் இலையை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தி, ஸ்கேலை வைத்து அளந்தார். விட்டார். அடுத்த இலையைப் பிடித்தார்.

அருமைநாதன் தினமும் காலையில் செய்கிற வேலை அது. ஹார்மோன் தெளித்த நாற்று எவ்வளவு வளர்ந்தது என்று ஒரு நாள் விடாமல் இப்படித்தான் அளப்பார். தெளிக்காத நாற்றைத் தனி அறையில் வைத்துப் பொத்திப் பொத்திக் காப்பார். தண்ணீர் விடுவதோடு சரி, கடைசி நாள் வரை அதில் கை வைக்கமாட்டார். அந்தச் சுத்தத்தில் அவருக்குப் பெருமை வேறு.

நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து வருடம்! இத்தனை நாளும் அந்த மரபணு அவர் விரல் பட்டுத்தான் முழித்திருக்கிறது.

"ஐயையோ" என்றார்.

அந்த எட்டு ட்யூப்பையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்ப ஹார்மோனுக்கு அது என்னதான் செய்யும், மேடம்?"

"தெரியலையே, சார். அதை இன்னும் யாருமே கேக்கல."