‘ம்’ என்ற ஒலியின் சுரங்கள்

ஏற்காட்டில் ஹெப்சிபா என்றொரு இசையமைப்பாளர் இருந்தார். ராகத்தில் தொடங்கி இசை எழுதுகிறவர் அல்ல. தண்ணீர்க் குழாயோ பஸ்ஸின் பிரேக்கோ, எந்த ஒலியானாலும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சுரங்கள் அடங்கியிருக்கும். அவற்றைக் கணினியில் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வாத்தியத்துக்குக் கொடுப்பார். கேட்பவருக்கு அந்த ஒலியின் உள்ளே போய் உட்கார்ந்தது போலிருக்கும்.

அவரிடம் கற்க வந்தவர் குழந்தைவேலு. சர்க்கரை ஆலையில் கொதிகலன் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியரைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர். வாரம் ஒருமுறை சேலத்திலிருந்து பஸ் ஏறி வருவார். பஜனைக் குழுவில் வயலின் வாசித்ததால் சுரம் தெரியும். எதற்காகக் கற்க வருகிறார் என்று மட்டும் இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

ஓர் ஆவணி மாதம் சொன்னார். மனைவி நல்லம்மாள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவள் குரல் என்று மிஞ்சியிருப்பது, கைபேசியில் தற்செயலாகப் பதிவான ஒரு ‘ம்’ மட்டும். ஒரு விநாடிகூட இராது. அதிலிருந்து பதினேழு சுரங்களைப் பிரித்து, வயலினுக்கும் செல்லோவுக்கும் புல்லாங்குழலுக்கும் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

இருவரும் கணினியில் ஓடவிட்டுக் கேட்டார்கள். ஒன்பது நிமிடம். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

குழந்தைவேலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எல்லாச் சுரமும் இருக்குதுங்க டீச்சர். அவ இல்லை. எங்கே விட்டேன்?”

முழுப் பதிவையும் போட்டுக் காட்டச் சொன்னார் ஹெப்சிபா. அதில் ஒன்றுமில்லை என்றார் குழந்தைவேலு. ‘ம்’முக்கு முன்னால் இருந்தது தன் குரல்தான். ஆலையிலிருந்து பேசியது. அதை வெட்டி எறிந்துவிட்டதாகச் சொன்னார்.

“என்ன பேசுனீங்க?”

அவர் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

“கதவைத் தாழ் போட்டுட்டியான்னு கேட்டேனுங்க. கொஞ்சம் எரிச்சலா.”

ஹெப்சிபா எழுந்துபோய்ப் பழைய பியானோவின் மேல்மூடியைத் திறந்தார். அடியிலிருந்த மிதியைக் காலால் அழுத்திப் பிடித்தார். இப்போது கம்பிகளைத் தடுக்க எதுவுமில்லை. பக்கத்தில் எந்த ஒலி எழுந்தாலும் அவை தாமாக அதிரும். அன்று மனைவியிடம் கேட்ட கேள்வியை இதற்குள் கேளுங்கள் என்றார்.

எரிச்சல் இல்லாமல் கேட்கலாமா என்றார் குழந்தைவேலு. அன்று கேட்டபடியே கேட்கச் சொன்னார் ஹெப்சிபா.

அவர் கம்பிகளுக்கு மேல் குனிந்தார்.

“தாழ் போட்டுட்டியா?”

கம்பிகள் அவர் குரலையே, சொல் கரைந்துபோய், வெறும் சுரங்களாகத் திருப்பித் தந்தன. மெல்ல மெல்லத் தேய்ந்து அதுவும் நின்றது. பிறகு அறையில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நிமிரவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்து, காது கொடுத்தபடி அப்படியே நின்றார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கிச் சவுக்கு மரங்கள் மறைந்துபோயின.

கடைசியில் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஹெப்சிபா மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“உங்க கேள்வியையும் சுரமா எழுதுங்க ஐயா. அதை வாசிச்சு முடிச்சதும், இப்ப காத்துக்கிட்டு நின்னீங்களே, அவ்வளவு நேரம் எந்த வாத்தியமும் வாசிக்கக் கூடாது.”