மேட்டுக்கிணற்றுப்பாளையத்தார் மின்சாரத்தைப் பங்கு பிரித்த கதை

அன்று மோட்டார் அறையில் இருந்தவர்கள் பின்வருமாறு: மூத்தவர் காளியண்ணன், அவருக்கு அடுத்த சென்னியப்பன், இளையவர் நாச்சிமுத்து, இம்மூவருக்கும் தங்கையான பாவாயி, வயர்மேன் சூசை, புதிதாக வாங்கிப் பொருத்திய மோட்டார். இந்த ஆறில் மூன்று, தாம் எதற்காக அங்கே இருக்கிறோம் என்பதை ஐயமறத் தெரிந்துவைத்திருந்தன. மற்ற மூவரும் அண்ணன் தம்பிகள்.

இவர்களுடைய நேர்மையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தகப்பனார் காலமானபோது சொத்து முழுவதையும் மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுக்கல் மூத்தவருக்குப் போனது, குழவி அடுத்தவருக்குப் போனது, அவை கிடந்த இடம் இளையவருக்குப் போனது. அன்று முதல் அந்த வம்சத்தில் ஒருவரும் வீட்டில் மாவு ஆட்டியதில்லை. ஆனால் ஒருவர் பங்கை இன்னொருவர் தொட்டார் என்ற பேச்சுக்கும் இடமில்லை. கிணற்றை மட்டும் வெட்டிப் பிரிக்க முடியாததால், நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அவர்கள் பாய்ச்சி மீந்தது கடைமடையில் இருந்த பாவாயியின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகும். கணவர் வடக்கே லாரி ஓட்டப் போயிருந்தார். பாவாயி தனியாக அகத்தி வளர்த்து, அதில் கொடி ஏற்றியிருந்தாள். நான்கு நாள் தண்ணீர் இல்லையென்றால் கருகிவிடும் இளங்கொடி.

சூசை மின்கம்பத்திலிருந்து இறங்கி வந்து, பொறுமையாக விளக்கினார். இது மும்முனை மின்சாரம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகள். மூன்றிலும் மின்சாரம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்று ஏறி இறங்கும்போது அடுத்தது ஏறிவரும், அதன் பின்னால் மூன்றாவது. திருவிழாவில் ராட்டினத்தைச் சுற்றி மூன்று ஆட்கள் சம தூரத்தில் நின்று, முறை வைத்துத் தள்ளுவதைப் போல. ஒருவர் கை ஓயும்போது அடுத்தவர் கை வந்துவிடுவதால் ராட்டினம் தொய்வில்லாமல் சுற்றும். மோட்டாரும் அப்படித்தான். நான்காவதாக ஒரு கறுப்புக் கம்பி உண்டு. மூன்றிலும் பாரம் சமமாக இருந்தால் அதில் ஒன்றும் ஓடாது. மோட்டாருக்கு அது தேவையில்லை, அறையில் இருக்கும் பல்புக்குத்தான் வேண்டும்.

முறை என்ற சொல் காதில் விழுந்ததும் சகோதரர்கள் முகம் மலர்ந்தது. மின்சாரமும் தங்கள் குடும்ப வழக்கத்தையே பின்பற்றுகிறது என்று அறிந்து பெருமைப்பட்டார்கள்.

"மூணு கம்பி, மூணு பங்காளி. இதுல பேச என்ன இருக்குது?" என்றார் காளியண்ணன்.

"நாலாவது ஒண்ணு இருக்குதுங்களேண்ணா," என்றார் சென்னியப்பன்.

"அதுல ஒண்ணும் ஓடாதாமா."

"ஒண்ணும் ஓடாதுன்னா அம்மிணிக்குக் குடுத்துரலாம்," என்றார் நாச்சிமுத்து. "பொறந்த வீட்டுல ஒண்ணும் செய்யலைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

சிவப்பு மூத்தவருக்கும், மஞ்சள் அடுத்தவருக்கும், நீலம் இளையவருக்கும் என்று முடிவாயிற்று. கறுப்புக் கம்பியை, சூசை போன பிறகு அறுத்துச் சுருட்டி, தாம்பூலத்தட்டில் வைத்துத் தங்கைக்குச் சீராகக் கொடுத்தார்கள். மோட்டார் அறையின் பல்பு அன்றோடு அணைந்தது. அதற்கு நன்றியில்லை என்று மூவரும் கருதினார்கள். பின்னர் குழப்பம் வராமலிருக்க, அவரவர் வீட்டுக் கதவுக்கு அவரவர் கம்பியின் நிறத்தில் வர்ணம் பூசிக்கொண்டார்கள்.

முதல் முறை காளியண்ணனுடையது. தம் முறையன்று பிறர் கம்பியைப் பயன்படுத்துவது திருட்டு என்பதால், சிவப்புக் கம்பியின் ப்யூஸை மட்டும் செருகினார். தம்பிகள் தங்கள் ப்யூஸ்களைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். மோட்டார் அசையவில்லை. அடுத்த நாள் சென்னியப்பன் மஞ்சளை மட்டும் செருகினார். அதற்கு அடுத்த நாள் நாச்சிமுத்து நீலத்தை மட்டும். மூன்று நாளும் மோட்டார் ஒரு சொட்டும் இறைக்கவில்லை.

"பெரியண்ணா, ப்யூஸ் மூணையும் போட்டுப் பாருங்க," என்றாள் பாவாயி.

"உன் பங்கைப் பத்தி மட்டும் பேசு அம்மிணி. உன் கறுப்புல நாங்க யாராச்சும் கை வெச்சமா?"

பிறகு சூசையை அழைத்தார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் சுற்றும், ஒன்று குறைந்தாலும் மோட்டார் கருகிவிடும் என்று எச்சரித்துவிட்டு, வேறு ஊர் வேலைக்குப் போனார். மறுநாள் விடியற்காலையில் மூன்று சகோதரர்களும் குளித்து, திருநீறு பூசி, சேர்ந்து வந்தார்கள். கயிறு பிடித்து அளந்து, மோட்டாரைச் சுற்றிச் சம தூரத்தில் நின்றுகொண்டார்கள். மூத்தவரின் முறை என்பதால் சிவப்பு ப்யூஸும், சென்னியப்பனின் சம்மதத்தோடு துணைக்கு மஞ்சளும் செருகப்பட்டன; நீலம் தன் முறைக்காகப் பையில் காத்திருந்தது. மோட்டார் உம்மென்று நெடுநேரம் உறுமியது. அது வணக்கம் சொல்வதாக எண்ணி மூவரும் கைகூப்பினார்கள். கூப்பிய கைகளுக்கு நடுவே புகை எழுந்தது.

மோட்டாரைக் கழற்றிக்கொண்டுபோய், உள்ளே கருகிய கம்பிச்சுருளைப் புதிதாகக் கட்டி வந்தார்கள். இதற்குள் கொடிக்காலில் இலைகளின் நுனி சுருளத் தொடங்கியிருந்தது. பாவாயி ஊர்ப் பொதுக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். அண்ணன்மார் அதைப் பார்த்து, மோட்டார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது அழகில்லை என்று வருந்தினார்கள்.

இம்முறை பெருந்தன்மையோடு மூன்று ப்யூஸ்களையும் செருகச் சம்மதித்தார்கள். கம்பிகளை மோட்டாரில் இணைக்கும் பொறுப்பையும் தாங்களே ஏற்றார்கள். சூசை முன்பு இணைத்திருந்த வரிசையில் மூத்தவர் இளையவர் என்ற மரியாதையே இல்லை என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. வலப்புறம் சிவப்பு, நடுவில் மஞ்சள், இடப்புறம் நீலம் என்று வயதுக்குத் தக்கபடி இணைத்தார்கள். மோட்டார் அழகாகச் சுற்றியது, பம்பின் மேல் வரைந்திருந்த அம்புக்குறிக்கு நேர் எதிராக. குழாய் வாயில் இரண்டு சொட்டு நீர் தொங்கியது.

"தண்ணி வரலைன்னா, போகுதுன்னு அர்த்தம்," என்றார் நாச்சிமுத்து. "நம்ம வயலு ஈரத்தை உறிஞ்சிக் கிணத்துக்குள்ள உடுது." சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தம் வயலின் மடையை அடைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சூசைக்குப் போன் செய்தபோது அவர் ஒரே வாக்கியத்தில் வழி சொன்னார். மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுற்றும். எந்த இரண்டு என்பதெல்லாம் பொருட்டில்லை.

அன்று பிற்பகல் முழுவதும் ஆலோசனை நடந்தது.

"கம்பியை மாத்தறது எப்படி?" என்றார் காளியண்ணன். "பங்கு பிரிச்சாச்சு. ஒருத்தன் எடத்துல இன்னொருத்தன் கம்பி உக்காந்தா, நாளைக்கு நம்ம பேரப்புள்ளைங்க கோர்ட்டுக்குப் போவாங்க."

"கம்பியை மாத்த வேண்டாமுங்ணா," என்றார் சென்னியப்பன், நீண்ட யோசனைக்குப் பிறகு. "கம்பிக்குச் சொந்தக்காரங்க எடம் மாறிட்டாப் போதும். நானும் தம்பியும் வீடு மாத்திக்கறோம்."

இதைவிட நேர்மையான தீர்வு இருக்க முடியாது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பண்டபாத்திரம், கட்டில், கன்றுகாலி, மனைவி மக்கள் எல்லாம் மஞ்சள் கதவிலிருந்து நீலக் கதவுக்கும், நீலக் கதவிலிருந்து மஞ்சள் கதவுக்கும் போயின. பிறகு கதவுகளுக்கு மறுபடியும் வர்ணம் பூச நேர்ந்தது. மோட்டாரைப் போட்டார்கள். அது எதிர்ப்புறமாகவே சுற்றியது. காரணத்தை ஆராய்ந்தபோது, சென்னியப்பனின் மாமியார் மட்டும் கட்டிலை விட்டு எழ மறுத்துப் பழைய வீட்டிலேயே படுத்திருப்பது தெரியவந்தது. மாற்றம் முழுமையாக நடக்கவில்லை என்பது விளங்கிவிட்டது. அம்மையாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு, மீண்டும் மோட்டாரைப் போட்டார்கள். மோட்டார் மாமியாரையும் மதிக்கவில்லை.

பாவாயி வெளியூர் போய்ச் சூசையைக் கையோடு அழைத்து வந்தாள். கொடிக்காலில் அப்போது பாதிதான் பச்சையாக இருந்தது. சூசை மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார், குறட்டால் மஞ்சளையும் நீலத்தையும் கழற்றி மோட்டாரில் இடம் மாற்றிப் பூட்டினார், சுவிட்சை மேலே தள்ளினார். குழாய் வாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. வேலை அவ்வளவுதான். அவர் மோர் குடிக்கக் காளியண்ணன் வீட்டுக்குப் போனார். பாவாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு முன்னால் ஓடினாள்.

மோட்டார் அறையில் தனித்திருந்த மூவரும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் நீலம் இருந்தது. மஞ்சள் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தது. சென்னியப்பனின் கண் கலங்கியது. நாச்சிமுத்துவும் அண்ணன் இடத்தில் உட்காரத் தமக்கு மனமில்லை என்றார். ஆயினும் சூசை செய்த வேலையில் கை வைப்பது அவரை அவமதிப்பதாகும். ஆகவே மோட்டாரைத் தொடாமல், மறுமுனையில், ஸ்டார்ட்டர் பெட்டியில் இருந்து கம்பிகள் புறப்படும் இடத்தில் மஞ்சளையும் நீலத்தையும் மாற்றிப் பூட்டினார்கள்; நடுவிடத்துக்கு இனி மஞ்சளின் மின்சாரமே வரும். இதற்காக மெயின் சுவிட்சை அணைத்தார்கள் என்பதை, அவர்கள் உயிரோடு இருப்பதிலிருந்து நாம் ஊகிக்கலாம்.

வாய்க்காலில் வந்த தண்ணீர், கொடிக்கால் மடைக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. பாவாயி பார்த்துக்கொண்டிருக்க, மண் அதைக் குடித்துவிட்டது.

அவள் காளியண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, மூவரும் சூசையிடம் நடந்ததை விளக்கிக்கொண்டிருந்தார்கள். சூசையின் கையில் மோர் தம்ளர் பாதியில் நின்றிருந்தது.

"ரெண்டு தடவை மாத்துனா பழையபடிதானுங்களே ஆகும்," என்றார் அவர்.

"அதுதானுங்களே வேணும், பழையபடி," என்றார் சென்னியப்பன்.

சூசை மோரைக் கீழே வைத்தார். மூவரும் கூடிப் பேசினார்கள். முடிவைக் காளியண்ணன் அறிவித்தார். நியாயப்படி இணைத்தால் இந்த மோட்டார் தண்ணீரைக் கீழேதான் அனுப்பும் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிவிட்டது. மோட்டார் மாறாது, பங்கும் மாறாது. மாறக்கூடியது பயிர் ஒன்றுதான். தண்ணீர் கிணற்றுக்குள் போகிறதென்றால், பயிரையும் கிணற்றுக்குள் வைத்துவிடுவதே முறை. மேல் படிகள் மூத்தவருக்கு, நடுப்படிகள் அடுத்தவருக்கு, அதற்குக் கீழே இளையவருக்கு.

"உன்னையும் மறக்கலை அம்மிணி," என்றார், குரல் தழுதழுக்க. "இத்தனை வருசம் கடைமடையில கெடந்தே. இனி கெணத்தோட அடிமட்டம் உனக்கு. ஒரு சொட்டு வந்தாலும் மொதல்ல உனக்குத்தான். கொடியை எல்லாம் புடுங்கியாந்துரு."

மூவரும் தங்கை நன்றி சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

பாவாயி சூசையின் பையைத் திறந்து குறட்டை எடுத்தாள். சூசை தடுக்கவில்லை, மெயின் சுவிட்ச் இருக்கும் திசையை மட்டும் கண்ணால் காட்டினார்.

"கொடி புடுங்கக் குறடு எதுக்கு?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"வேர் கெட்டியா இருக்கும்டா," என்றார் காளியண்ணன்.

பாவாயி சிவப்புக் கதவைத் தாண்டி, மோட்டார் அறையை நோக்கி நடந்தாள்.